அடுப்பேறாச் சிற்றுண்டியும் பச்சைத் தேயிலைப் பொடியும்

திருப்பெரும்புதூருக்குக் கிழக்கே, சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பென்னலூர் என்னும் ஊர் உளது. ஏரியும் நெல்வயலுமாய்க் கிடந்த இவ்வட்டாரத்தில், அண்டையூராகிய இருங்காட்டுக்கோட்டையில், 1996-ஆம் ஆண்டு மோட்டார் வண்டித் தொழிற்சாலையொன்று கால்கொண்டது. 1998-இல் அதனின்று முதல் வண்டி வெளிப்போந்தது. அதன்பின் திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் ஈறாக, வண்டிகளும் அவற்றின் உறுப்புக்களும் கண்ணாடியும் கைப்பேசியும் ஆக்கும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அவற்றுட் பலவற்றிற்குப் பகலென்றும் இரவென்றும் வேற்றுமை இல்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களினின்றும் பிற மாநிலங்களினின்றும் போந்த இளம்பெண்டிர் பல்லாயிரவர் முறைமாற்றி அங்குப் பணிபுரிகின்றனர். ‘ஷிப்டு’ என்பதே அவர்தம் வாய்ச்சொல்.

இப்பெண்டிர் தங்கும் விடுதிகளில் உணவு என்பது எளிய செய்தியன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், இவ்வட்டாரத்து ஆலையொன்றிற் பணிபுரிந்தோர் தங்கியிருந்த விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி, நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்ததும், அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்ததும் நாடறிந்தவை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குதற்குரிய பெருவிடுதி அரசாங்கத்தாற் திறக்கப்பெற்றது. உறைவிடம் விரிந்தது, எனினும் நள்ளிரவுப் பணியின் இடையில் மூன்று மணிக்கு எழும் பசிக்கு யாது செய்வது என்னும் வினா ஒவ்வொருத்தியின் கைப்பையிலுமே விடை தேடவேண்டியதாய் இருக்கிறது. அவ்விடைகளுள் ஒன்றனைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தேம்.

எம் சிற்றன்னையின் மகளார் ஒருவர் பென்னலூரில் ஒரு விடுதியில் தங்கிக் கைப்பேசி ஆலையிற் பணிபுரிகின்றார். அவர் அறையில் நால்வர். அடுப்பு ஏற்றுதல் கூடாது; மின்னடுப்பும் விலக்கு. இஞ்சி நசுக்கும் இடிகல் ஒன்றும் எவர்சில்வர்த் தூக்குகள் சிலவுமே அவ்வறையின் அடுக்களை. ஒருநாள் உடன் உறைபவள் ஒருத்தி, சிறு தகரப்புட்டி ஒன்றைக் கொணர்ந்தாள். ஆலைக்கு வந்துபோன ஜப்பானியப் பொறியியலர் ஒருவர் விடைபெறுங்கால் அவளுடைய குழுவினர்க்கு அளித்த பரிசு அது. உள்ளே பாசியின் நிறமுடைய மென்பொடி. புட்டியின்மேல் ‘மாட்சா’ என்று எழுதியிருந்தது. தோழனை விளிக்கும் சொல்லாக நம் இளைஞர் வழங்கும் ‘மச்சா’வோடு அப்பெயர் ஒத்தொலித்தமையின், அன்றிரவு அவ்வறையிற் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்றாம். பின்னர்க் கைப்பேசியைப் புரட்டி, இப்பொடியைப் பேரீச்சம்பழத்தோடும் கொட்டைகளோடும் பிசைந்து உருட்டினால் தீயின்றியே ‘ஆற்றல் உருண்டை’ செய்யலாம், பாலும் நெய்யும் வேண்டா, இரவெல்லாம் உறக்கம் வாராது எனக் கண்டனர். தமக்கையார் எம்மை அழைத்து, “தங்கச்சி, ஞாயித்துக்கெழமை வா, அம்மா குடுத்துவிட்ட எள்ளும் கடலையும் இருக்கு, செஞ்சு பாப்போம்” என்றார். யாமும் சென்றேம்.

மாட்சா என்பது யாது? தேயிலைச் செடியே அதன் தாய், செய்முறையே வேறு. கொழுந்து பறித்தற்கு முன் ஏறத்தாழ மூன்று கிழமை செடிகளின்மேற் பந்தலிட்டு வெயிலை மறைப்பர். வெயில் குறையவே, இலை தன் பசுமைப் பொருளை மிகுதியாக்கிக் கொள்ளுகிறது. இன்சுவை தரும் தியானின் என்னும் பொருள், துவர்ப்புத் தரும் கேட்டசின்களாய் மாறுதலும் குறைகிறது. அங்ஙனம் வளர்ந்த கொழுந்தைப் பறித்து, ஆவியில் வாட்டி, சுருட்டாது உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் ஏந்திரத்தில் அரைப்பர். ஒரு மணிக்கு நாற்பது கிராம் அளவே ஒரு கல் அரைக்கும். விரைந்து சுழற்றினாற் சூடேறி மணம் கெடும். சீனத்திற் சோங் மரபினர் காலத்து வழங்கிய இப்பொடித் தேநீர் முறையை, ஜப்பானியத் துறவியாகிய எய்சாய் என்பார் 1191-இல் தம் நாடு திரும்பிய பின்னர் ஆங்குப் பரப்பினர் என்ப. பிற தேநீரில் இலையின் சாற்றை மட்டும் பருகிச் சக்கையை எறிகின்றோம். மாட்சாவிலோ இலை முழுதும் வயிற்றினுட் செல்லுகிறது. இவ்வேறுபாட்டைப் பின்னர்க் கருதுவாம். உலகெங்கும் இதன்மேல் வேட்கை மிகுந்து, 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பானியத் தேயிலை வணிகர் சிலர், ஒருவர்க்கு இத்துணைப் புட்டியே என வரம்பிடவும் நேர்ந்தது. நம் நீலகிரித் தேயிலை இனியதே. ஆயினும் பந்தலிட்டு வளர்க்காத இலையைப் பொடித்தல் மட்டும் மாட்சா ஆகாது.

நிற்க. பாலும் நெய்யும் தேனுங்கூட நீக்கி, விலங்கினின்று பெறுவன யாவும் ஒழிந்த உணவை இந்நாளிற் தமிழில் ‘நனிசைவம்’ என்கின்றனர். இங்கிலாந்தில் 1944-இல் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பரும் ‘வீகன்’ என்னும் சொல்லைப் படைத்து அதற்கெனக் கழகமும் கண்டனர். சொல் புதிது, உருண்டை புதிதன்று. எள்ளுருண்டையில் நெய் உண்டோ? பால் உண்டோ? எள்ளும் வெல்லமும் உரலும் உலக்கையுமே அதற்கு வேண்டுவன. எள் இந்நாட்டிற்கே உரிய பழம்பயிர். அரப்பா அகழாய்விலும் கரிந்த எள் கிடைத்துளது. நம் மொழியிலோ எள்ளின் நெய்யே எண்ணெய். பிற வித்துக்களின் நெய்யெல்லாம் அதன் பெயரை இரவல் பெற்றனவே. வேர்க்கடலை தென்னமெரிக்காவினின்று வந்த விருந்து. ‘மணிலாக்கொட்டை’ என்றும், அது மருவி ‘மல்லாட்டை’ என்றும் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் வழங்கும் பெயர் அது வந்த வழியைக் காட்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இற் புவிசார் குறியீடு பெற்றதனை அறியாதார் இலர். ஆனால் அதற்குப் பாகு காய்ச்ச வேண்டும், ஆதலின் பென்னலூர் அறைக்கு அஃது ஆகாது. எம் ஊர்ப்பக்கத்துப் பொரிவிளங்காய் உருண்டைக்கும் அதே தடை. அதனுள் என்னென்ன சேர்ந்துள என்று கடிப்பார்க்குப் புலனாகாமையின் ‘பொருள் விளங்கா உருண்டை’ என்று பெயராயிற்று என எம் பாட்டியார் கூறுவர். அதனைக் கடிக்கப் பல் வேண்டும் என்பது மட்டும் யாம் நன்கு அறிவேம்.

தீயின்றி உண்ணத்தக்க உணவுகளுள் தலையாயது அவலே. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே அவலிடிக்கும் உலக்கையின் ஓசை கேட்கப்படுகிறது. பென்னலூரும் அந்நாட்டு எல்லையினதே. குசேலர் கந்தையில் முடிந்து சென்றதும் அவலன்றோ! வழிநடைக்கு அஃது உரியதாயினமைக்குக் காரணம் உண்டு. நெல்லை ஊறவைத்து வறுத்துச் சூடு ஆறுமுன் இடித்துத் தட்டையாக்குவதே அவல். ஆகவே அது முன்னரே வெந்தது. மேனாட்டு உருண்டைகளில் ஓட்ஸ் என்னும் கூலத்தைச் சேர்ப்பர். அதுவும் ஆவியில் வாட்டி உருளைகளிடையே தட்டையாக்கப்பட்டதே. அதனை ‘ஓட்ஸ் அவல்’ என்று பெயரிட்டிருப்பின் நம்மவர் அத்துணை விலை கொடுத்திரார்.

இனிச் செய்முறை. பதினெட்டு உருண்டைகளுக்கு மெல்லிய அவல் 100 கிராம், தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், பொடித்த வெல்லம் 50 கிராம், ஏலம் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை என வகுத்துக்கொண்டேம். எள்ளும் கடலையும் ஊரிலிருந்தே வறுத்து வந்தன. மாட்சா 5 கிராம், அஃதாவது ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டி.

முதன்முறை யாம் செய்தது உருண்டை ஆகவில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே இடிகல்லிற் போட்டு இடித்தேம். எள் எண்ணெய் கக்க, அவல் அதனிற் தோய்ந்து துவண்டு, பொடியாகாமலே கிடந்தது; உருட்டிய உருண்டை கையை விட்டதும் மூன்றாய்ப் பிளந்தது. அப்பொழுதுதான் இவ்வுருண்டை எதனால் நிற்கிறது என்பதை எண்ணிப்பார்த்தேம். பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சர்க்கரை. அதுவும் பெரும்பாலும் நீரை விடாது பற்றிக்கொள்ளும் இயல்புடைய குளுக்கோசும் பிரக்டோசும். அதனாலேயே பழம் உலர்ந்தும் பிசுபிசுப்பு நீங்காது. எள்ளிலும் வேர்க்கடலையிலும் ஏறத்தாழப் பாதி எண்ணெய். இடிக்குங்கால் நுண்ணறைகள் உடைந்து அது வெளிப்படும். சர்க்கரைப் பசையும் எண்ணெயும் தம்முள் கலவா. இரண்டையும் உறிஞ்சி இடைநின்று இணைப்பது அவற்பொடியே. அதனால் முறை இது: கல் உலர்ந்திருக்கும்போதே அவலை இடித்துப் பொடியாக்கி ஒதுக்குக, அவல் மொறுமொறுப்பாய் இல்லையேல் மொட்டைமாடி வெயிலில் ஒருமணி நேரம் பரப்புக. அடுத்துக் கடலையை ஒன்றிரண்டாக உடைக்க. அதன்பின் எள்ளை, எண்ணெய் மினுங்கத் தொடங்கும் அளவே இடித்து நிறுத்துக. வெல்லத்தையும் ஏலத்தையும் சேர்த்து, இறுதியிற் பேரீச்சம்பழத்தை மசித்து, எல்லாவற்றையும் தட்டிலிட்டு உள்ளங்கையாற் பிசைக. கையில் ஒட்டினால் அவற்பொடி இன்னும் சிறிது. உதிர்ந்தால் பழம் இன்னும் இரண்டு. நீர் மட்டும் தெளித்தலாகாது. தெளித்தால் விரைவிற் பூசணம் பிடிக்கும். மாட்சாவைப் பழத்தோடு முதலிற் கலந்தால்தான் நிறம் சீராய்ப் பரவும். கல் சிறிதாகலின் நான்கு ஈடாக இடித்தேம். மாலைக்குள் பதினெட்டும் தட்டில் அமர்ந்தன. நிறம் இளம்பச்சையாக வரும் என்று எதிர்பார்த்திருந்த தோழியர்க்குச் சிறிது ஏமாற்றமே. பேரீச்சையின் கருமையும் பொடியின் பசுமையும் கூடி, ஏரிக்கரைச் சேற்றின் நிறத்தை அடைந்திருந்தது. சுவையோ நன்று.

ஈண்டு ஒரு கணக்கு. மேற்சொன்ன அளவிற்கு மொத்தம் ஏறத்தாழ 1,800 கலோரி வரும். ஓர் உருண்டைக்கு நூறு. புரதம் உருண்டைக்கு இரண்டரைக் கிராம். இரண்டு உருண்டை உண்டால் ஒரு முட்டைக்குச் சற்றுக் குறைந்த அளவு. இவ்வாற்றல் முழுதும் கடலையும் எள்ளும் அவலும் பழமும் வெல்லமும் தந்தவை. ஐந்து கிராம் மாட்சா தந்த கலோரியோ எண்ணத்தக்கதன்று. அது தருவது கஃபீன். ஒரு கிராம் பொடியில் ஏறத்தாழ 20 முதல் 45 மில்லிகிராம் வரை அஃது இருக்கும். பதினெட்டாய்ப் பகுத்தால் ஓர் உருண்டைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மில்லிகிராம். ஒரு குவளைக் காப்பிக்கு இது பெரும்பாலும் பத்திலொரு பங்கே. ஆகவே நிறத்திற்கு இடும் அளவு உறக்கத்தை ஓட்டாது.

இதனைத் தமக்கையார் எமக்கு முன்னரே கண்டறிந்தார்; ஆயின் வேறு வழியில். இரண்டு உருண்டை உண்டும் கண் சொருகுகிறதே என்று, அடுத்த கிழமை புட்டியில் எஞ்சியதிற் பெரும்பகுதியாகிய பதினைந்து கிராமையும் ஓர் ஈட்டிற் கொட்டிவிட்டார். உருண்டை வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது. எனினும் வீணாக்க மனமின்றி மூன்று மணி இடைவேளையில் இரண்டு, ஐந்து மணிக்கு ஒன்று என உண்டார். கண் விழித்திருந்தது மெய்யே. ஏழரை மணிக்குப் பேருந்து விடுதியில் இறக்கிவிட, படுத்தவர்க்கு நண்பகல் வரை உறக்கம் வரவில்லை. உட்கொண்ட கஃபீனிற் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் விழித்துப் பகலில் உறங்கவேண்டியவர்க்கு, விடியற்காலையில் உண்ட விழிப்பு மருந்து உறக்கத்தைத் திருடும் கள்வன் ஆகிறது. அடுத்த இரவு அவர் முன்னினும் சோர்ந்தே பணிக்குச் சென்றார். ஆற்றல் என்னும் ஒரே சொல்லால் ஊட்டத்தையும் விழிப்பையும் குறிப்பதே இம்மயக்கத்திற்கு வேர் என்று எமக்குத் தோன்றுகிறது. உருண்டையின் பெயரை எழுதியோர் அதனை வேண்டுமென்றே மயங்க வைத்தனரோ என்னும் ஐயமும் உண்டு.

இன்னொரு செய்தி இதனினும் இன்றியமையாதது. தமக்கையார்க்கு இரத்தத்தில் ஈமோகுளோபின் ஒன்பது கிராம் என மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். பன்னிரண்டிற்குக் குறைவது சோகையெனப்படும். இஃது அவர் ஒருவர் குறையன்று. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் சோகையுடையோர். அவ்வறை நால்வருள் இருவர் எனக் கொள்க. எள்ளில் இரும்பு மிகுதி: நூறு கிராமிற்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. ஆயின் செடியுணவின் இரும்பு இறைச்சியின் இரும்பைப்போல் எளிதில் உடலிற் சேர்வதன்று. எள்ளிலும் அவலிலும் உள்ள பைட்டேட் என்னும் பொருள் அதனைப் பிணிக்கும். தேயிலையின் துவர்ப்பொருள்களோ இன்னும் இறுகப் பிணிப்பன. உணவோடு தேநீர் பருகினால் செடியுணவின் இரும்பு உட்சேர்தல் பெரிதும் குறையும் என்பது பன்முறை ஆய்ந்து நிறுவப்பட்டது. மாட்சாவில் இலை முழுதும் உட்செல்லும் என்று மேலே கூறினேம் அன்றோ? இரும்பிற்காக எள்ளை இட்டு, அதனைத் தடுக்கும் பொடியையும் அதே உருண்டையிற் பிசைதல், ஏற்றம் இறைப்பவன் வாய்க்காலை உடைத்துக்கொண்டே இறைப்பதை ஒக்கும்.

மாட்சாவே தீதென்று யாம் கூறவில்லை. ஜப்பானியர் அதனை நுரைக்கக் கலக்கிப் பருகுமுன், பயற்றுவிழுதாலும் அரிசிமாவாலும் ஆன சிறு இனிப்பொன்றை உண்பர். அவற்றுட் பலவும் பாலும் நெய்யும் கலவாதனவே. இனிப்பு உணவு, தேநீர் அதன் துணை. இரண்டும் ஒன்றாய்ப் பிசையப்படாது நின்ற முறை எமக்கு அழகாகவே தோன்றுகிறது. உண்டதற்கும் தேநீருக்கும் இடையே ஒருமணி நேரம் விட்டால் இரும்பிற்கு வரும் தடையும் குறையும். எதிர்மறையாக, வைட்டமின் ‘சி’ உள்ள கனி உடன் சென்றால் அவ்விரும்பு நன்கு சேரும். நெல்லிக்கனியோ கொய்யாவோ போதும். பச்சை நிறமே வேண்டுவார் முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடித்து ஒரு கரண்டி இடலாம். அதன் மணம் எல்லார்க்கும் ஒவ்வாது என்பதையும் மறைக்கமாட்டேம். அறைத்தோழி ஒருத்தி, “இது உருண்டையா, கீரைக் கடைசலா?” என்று கேட்டுவிட்டாள்.

தீயின்றிச் செய்தல் என்பதனைச் சிலர் பச்சைமாவையும் சேர்க்கலாம் எனப் பிறழக் கொள்கின்றனர். கேழ்வரகு, கம்பு, பயறு முதலியவற்றின் மாவு வறுக்கப்படாதாயின் செரியாது. நோய்க்கிருமியும் உடன் வரலாம். பொட்டுக்கடலை முன்னரே வறுபட்டதாகலின் தீங்கில்லை. வேர்க்கடலையிற் சுருங்கியனவும் நிறம் மாறியனவும் கசப்பனவும் ஒன்றுகூட உட்செல்லல் ஆகாது. 1960-இல் இங்கிலாந்தில் நூறாயிரம் வான்கோழிகள் மடிந்ததை ஆராய்ந்தபோதுதான், கடலையிற் படரும் பூசணம் அஃபிளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரப்பது தெரியவந்தது. கடலையோ எள்ளோ உடம்புக்கு ஒவ்வாதார் சிலர் உளர். பொதுவறையில் பகிருமுன் கேட்டுக் கொடுத்தல் வேண்டும். தேங்காய்த்துருவல் சுவை கூட்டுமாயினும் மறுநாளே ஊசிப்போகும், கொப்பரையாயின் நிற்கும். ஈரமற்ற தூக்கில் இறுக மூடிவைத்தால் உருண்டை பத்து நாள் கெடாதிருக்கக் கண்டேம். ஐப்பசி மழையில் அத்துணை நாள் நம்பலாகாது.

உருண்டையாற் சோகை தீரும் என்று யாம் எழுதவில்லை. ஒன்பது கிராம் உள்ளவர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்து இரும்பு மாத்திரையே மருந்து. தமக்கையார் இப்பொழுது அதனை எலுமிச்சைச்சாற்றோடு உட்கொள்ளுகின்றார். தேநீரை அதற்கு நெடுநேரம் முன்னோ பின்னோ பருகுகின்றார். மூன்று மணி இடைவேளைக்கு மாட்சா இடாத உருண்டை இரண்டும் நெல்லிக்காய் ஒன்றும் கொண்டுசெல்கின்றார். எஞ்சிய பொடியை நால்வரும் ஓய்வுநாளின் காலையில் வெந்நீரிற் கலக்கிப் பருகுவராம். சென்ற கிழமை எமக்கு வந்த செய்தியில், எள் தீர்ந்தது, இம்முறை கறுப்பெள்ளாக வேண்டும், அரைக்கிலோ போதாது, பக்கத்து அறையினரும் கேட்கின்றனர் என்று எழுதியிருந்தார்.